பழைய மான்ஸ்டர் படங்களைத் திரையிடப் போகிறீர்களா? முதல் தடவை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் ஊரின் பொது நூலகத்தில், நானும் இரண்டு நண்பர்களும் மூன்று மாலைத் திரையிடல் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தோம். பழைய ஹாலிவுட் மான்ஸ்டர் படங்களில் கறுப்பினத்தவர், ஆசியர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்கெல்லாம் என்ன இடம் கிடைத்தது என்று சேர்ந்து பார்ப்பதுதான் எண்ணம். முதல் வருடம் திரையிடலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நூலகம் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எங்களிடம் படம் இருந்தது, அதைப் பொதுவில் காட்டும் உரிமை இல்லை. அடுத்த வருடம் நடத்தி முடித்தோம். அந்த ஒரு வருடம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காக, எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு செலவாகும், எங்கே சிக்கிக்கொள்வீர்கள் என்று எழுதி வைக்கிறேன். இதில் வரும் சட்ட விவரங்கள் அமெரிக்காவுக்கு மட்டும் பொருந்தும்.

1. படத்தைத் தேடும் முன் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

'பன்முகத்தன்மை' என்று தலைப்பு வைத்தால் பார்க்க வருகிறவருக்கு எதைக் கவனிப்பது என்று புரியாது. ஒரே வரியில் ஒரு கேள்வி வேண்டும். எங்களுடையது இது: 'அந்த வேடத்துக்குள் இருந்தவர் யார், அவர் பெயர் திரையில் வந்ததா?' இந்தக் கேள்வி கையில் வந்த பிறகு படத்தேர்வு, அறிமுக உரை, கலந்துரையாடல் எல்லாமே சுலபமாகிவிட்டன.

இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான நூலகங்கள் நிகழ்ச்சி விண்ணப்பம் ஒன்றைக் கேட்கும். நோக்கம் என்ன, எந்த வயதினருக்கு, எத்தனை பேர் வருவார்கள், கட்டணம் உண்டா என்று அதில் எழுத வேண்டும். நோக்கம் என்ற இடத்தில் அந்த ஒரு வரியைப் போடுங்கள். 'பழைய பேய்ப் படங்கள்' என்று மட்டும் எழுதினால், அக்டோபரில் ஹாலோவீனுக்காக வரும் பத்து விண்ணப்பங்களில் ஒன்றாகிவிடும்.

2. மூன்று படம் போதும், ஆனால் மூன்றும் அவமானமாக இருக்க வேண்டாம்

எங்கள் முதல் பட்டியலில் இருந்த படங்கள் எல்லாமே யாரையாவது இழிவுபடுத்துபவை. 1932இல் வந்த 'தி மாஸ்க் ஆஃப் ஃபூ மான்சூ' அதில் ஒன்று. வெள்ளைக்கார நடிகர்களுக்குச் சீன வேடம் போட்டு எடுத்த படம். அடுத்தது 1933இன் 'கிங் காங்'. கறுப்பின நடிகர்கள் நடித்த தீவுவாசிகளை அது காட்டுமிராண்டிகளாகக் காட்டுகிறது. நூலகத்தில் பட்டியலைப் பார்த்த ஒரு கறுப்பினப் பெண்மணி, 'மூன்று நாளும் நான் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து இதைத்தான் பார்க்க வேண்டுமா?' என்று கேட்டார். அவர் கேட்டது சரி. அன்றைக்கே பட்டியலை மாற்றினோம்.

குறைந்தது ஒரு படமாவது, புறக்கணிக்கப்பட்டவர்கள் தாங்களே எழுதியதாக, அல்லது கதையைத் தாங்கி நடித்ததாக இருக்கட்டும். 1940இல் வந்த 'சன் ஆஃப் இங்காகி' முழுக்கக் கறுப்பின நடிகர்களைக் கொண்ட திகில் படம். எழுதியவர் ஸ்பென்சர் வில்லியம்ஸ். துப்பறிவாளராக நடித்ததும் அவரே. லாரா போமன் அதில் ஒரு மருத்துவர், ஆராய்ச்சியாளர். கறுப்பினப் பெண்ணுக்கு அந்தக் காலத்து ஹாலிவுட் கொடுத்ததெல்லாம் சமையல்காரி, பணிப்பெண் வேடங்கள்தான். அதே காலத்தில் இந்தச் சின்னப் படத்தில் ஒரு பெண் தன் வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறார். படம் கரடுமுரடானது, காசில்லாமல் எடுத்தது அப்பட்டமாகத் தெரியும். இருந்தாலும் எங்கள் மூன்று மாலைகளில் அதிக நேரம் பேச்சு நடந்தது இந்தப் படத்துக்குப் பிறகுதான்.

இரண்டாவதாக 1968இன் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. கறுப்பின நடிகர் டுவேன் ஜோன்ஸ் கதாநாயகன். வசனத்தில் எங்கேயும் அவர் நிறம் பேசப்படுவதில்லை. ஆனால் கடைசிக் காட்சியில், இரவு முழுக்க உயிர் பிழைத்தவரைத் துப்பாக்கியோடு வரும் வெள்ளையர் கூட்டம் சுட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்காது. மூன்றாவதாக 1941இன் 'கிங் ஆஃப் தி ஸோம்பீஸ்'. இதில் கறுப்பின நடிகர் மாண்டன் மோர்லண்ட் பயந்து நடுங்கும் வேலைக்காரராக வருகிறார். கறுப்பினத்தவருக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்த இழிவான வேடம்தான் அது. ஆனாலும் படத்துக்கு உயிர் கொடுப்பது அவர் நடிப்பு ஒன்றுதான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதைக் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்கும்போது நன்றாகப் புரியும்.

3. பதிப்புரிமையைச் சரிபாருங்கள்

நாங்கள் தடுக்கி விழுந்த இடம் இதுதான். மெதுவாகப் படியுங்கள்.

டிவிடியைக் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அது வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். குடும்பம், நெருங்கிய நண்பர்கள் என்ற வட்டத்தைத் தாண்டினால் சட்டப்படி அது பொதுத் திரையிடல். 'டிக்கெட் வைக்கவில்லையே, இலவசம்தானே' என்பது எடுபடாது. உங்கள் ஸ்ட்ரீமிங் கணக்கிலிருந்து போட்டுக் காட்டுவதும் கூடாது. அந்தச் சேவைகளின் ஒப்பந்தமே தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்கிறது. வகுப்பறைக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் லாப நோக்கமில்லாத கல்வி நிலையத்தில், ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் இருக்கும் பாடவேளைக்குத்தான் அது. நூலக நிகழ்ச்சி அதில் அடங்காது.

ஆகவே முதல் தடவை செய்பவர்கள் பதிப்புரிமை முடிந்துபோன படங்களிலிருந்து தொடங்குவது நல்லது. எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் கணக்கு: வெளியான வருடத்தோடு 95 கூட்டுங்கள். அந்த வருடம் முடிந்ததும் வரும் ஜனவரி 1 முதல் படம் எல்லோருக்கும் பொது. 2026 ஜனவரி 1 நிலவரப்படி 1930 வரை வந்தவை பொதுவாகிவிட்டன. 1931இன் 'டிராகுலா'வும் 'ஃபிராங்கன்ஸ்டைன்'உம் 2027 ஜனவரி 1 அன்று, 'கிங் காங்' 2029 ஜனவரி 1 அன்று.

இரண்டாவது கணக்கு: 1964க்கு முன் அமெரிக்காவில் வெளியான படம் என்றால், 28ஆம் வருடத்தில் பதிப்புரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டிருந்தால் முடிந்துவிட்டது. பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் புகழ்பெற்ற படங்களை விடாமல் புதுப்பித்தன. சிறிய கம்பெனிகள் பல படங்களை விட்டுவிட்டன. கறுப்பின நடிகர்களை முன்னால் நிறுத்திய சின்னப் படங்கள் இன்று நம் கைக்கு எளிதில் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுப்பித்தார்களா என்று பார்ப்பது எங்கே? 1950க்குப் பிறகு வந்த படம் என்றால் புதுப்பித்தல் 1978இலோ அதற்குப் பிறகோ நடந்திருக்கும். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் இணையப் பட்டியலில் தேடலாம், காசு கிடையாது. 1930கள், 40களின் படங்களுக்குப் பழைய அச்சுப் பட்டியலைப் புரட்ட வேண்டும். அதையும் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். 1940இல் வந்த படத்துக்கு 1967, 1968 இரண்டு வருடத் தொகுதிகளையும் பாருங்கள். ஒரு படத்துக்கு எனக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. அலுவலகத்தையே தேடித் தரச் சொல்லலாம், ஆனால் மணிக்கு 200 டாலர், குறைந்தது இரண்டு மணி நேரக் கட்டணம். நமக்கு அது தேவைப்படாது.

மூன்றாவது: 1978க்கு முன் வெளியான படத்தில் பதிப்புரிமை அறிவிப்பு (© குறி, வருடம், உரிமையாளர் பெயர் உள்ள வரி) இல்லாவிட்டால் உரிமையே போய்விடும். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' அப்படித்தான் போனது. கடைசி நேரத்தில் விநியோகஸ்தர் தலைப்பை மாற்றினார். பழைய தலைப்பு அட்டையை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டபோது, பழையதில் இருந்த அறிவிப்பு வரியும் சேர்ந்து போய்விட்டது.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, வெளிநாட்டுப் படம். ஒரு காலத்தில் அமெரிக்காவில் பொதுவாகிவிட்டிருந்த பல வெளிநாட்டுப் படங்களுக்கு 1996 ஜனவரி 1 அன்று உரிமை திரும்பக் கிடைத்தது. 1954இன் ஜப்பானிய 'காட்ஸில்லா'வை மனத்தில் வைத்திருந்தால் உரிமம் வாங்காமல் முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, படம் பொதுவானாலும் பிரதி பொதுவாக இல்லாமல் இருக்கலாம். பிறகு வண்ணம் ஏற்றிய பதிப்பு, புதிதாகச் சேர்த்த இசை, விளக்க உரை, சப்டைட்டில் இவற்றுக்குத் தனி உரிமை இருக்கக்கூடும். பழைய கறுப்பு வெள்ளைப் பிரதியை, அசல் ஒலியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

தேடி முடித்ததும் ஒரு பக்கக் குறிப்பு தயாரியுங்கள். படத்தின் பெயர், வெளியான வருடம், எந்தத் தொகுதியில் தேடினீர்கள், என்ன கண்டீர்கள், தேதி, கையெழுத்து. இரண்டாவது வருடம் நூலகர் எங்களிடம் கேட்ட முதல் காகிதம் இதுதான்.

4. உரிமம் வாங்கியே ஆக வேண்டிய படம் என்றால்

'ஃபிரீக்ஸ்' (1932), 'கேட் பீப்பிள்' (1942), 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' (1954) போன்றவற்றை விடவே மனமில்லை என்றால் உரிமம் வாங்குங்கள். அதற்கு முன் நூலகத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: 'உங்களிடம் ஆண்டு உரிமம் இருக்கிறதா?' பல நூலகங்கள் எம்.பி.எல்.சி., ஸ்வாங்க் போன்ற உரிம நிறுவனங்களுக்கு ஏற்கெனவே வருடாந்தரக் கட்டணம் கட்டியிருக்கும். உங்கள் படத்தின் ஸ்டுடியோ அந்தப் பட்டியலில் இருந்தால் உங்களுக்குச் செலவே இல்லை. இதைக் கேட்காமலேயே தனி உரிமத்துக்கு நாங்கள் விலை விசாரித்துக்கொண்டிருந்தோம்.

தனியாக வாங்கினால் ஒரு தடவைத் திரையிடலுக்குச் சில நூறு டாலர் வரை ஆகலாம். கூட்டத்தின் அளவு, கட்டணம் வைக்கிறீர்களா இல்லையா என்பதைப் பொறுத்து மாறும். இடம், தேதி, இருக்கைகளின் எண்ணிக்கை, நடத்தும் அமைப்பின் பெயர் இவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு எழுதுங்கள். தனிநபர் பெயரில் கேட்பதைவிட நூலகத்தின் பெயரில் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

விளம்பரத்தில் கவனம் வேண்டும். ஆண்டு உரிமத்தில் காட்டும் படத்தின் பெயரைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருப்பது வழக்கம். நூலகத்துக்கு உள்ளே அறிவிப்பு ஒட்டலாம், வெளியே பெயர் போட்டுச் சுவரொட்டி ஒட்ட முடியாது. நோட்டீஸ் அச்சடிக்கும் முன் உரிமத்தின் அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

5. பிரதியும் சப்டைட்டிலும்

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் பதிப்புரிமை முடிந்த படங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே இருப்பதாலேயே உரிமை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். மேலே 3ஆம் பகுதியில் சொன்ன தேடலை முடித்த பிறகு அங்கே போங்கள். ஒரே படத்துக்கு நாலைந்து பிரதி கிடைக்கும். ஓடும் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், வெட்டப்பட்ட பிரதிகள் நிறைய.

பழைய சின்னப் படங்களின் ஒலி மோசமாக இருக்கும். காது சரியாகக் கேட்காதவர்களுக்கு மட்டுமல்ல, ஆங்கிலம் இரண்டாம் மொழியான நம்மைப் போன்றவர்களுக்கும் சப்டைட்டில் இல்லாமல் பாதி வசனம் புரியாது. பிரதிநிதித்துவம் பற்றிப் பேசும் நிகழ்ச்சியில் காது கேளாத ஒருவரை வெளியே நிறுத்துவது பெரிய தவறு. நாங்களே கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தோம். ஒரு மணி நேரப் படத்துக்கு மூன்று பேர் சேர்ந்து இரண்டு வார இறுதிகள் ஆயின. அரங்கில் சக்கர நாற்காலிக்கு நடுவரிசையில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசி வரிசையில் ஒதுக்கிவிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

6. பெயர்த்தாள் தயாரியுங்கள்

இது யாரும் கேட்காத காகிதம். என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். ஒரே தாள், இரண்டு பக்கம். திரையில் பெயர் வராதவர்கள், வந்தும் மறக்கப்பட்டவர்கள் யார் யார், என்ன செய்தார்கள் என்று எழுதி, வாசலில் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். அச்சுச் செலவு சொற்பம்.

எங்கள் தாளில் இருந்தவற்றிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். நாங்கள் திரையிடாத படங்களும் இதில் உண்டு. 'கிங் காங்' படத்தில் தீவின் தலைவராக வருபவர் நோபிள் ஜான்சன். அவரை வெறும் 'பழங்குடித் தலைவன்' என்று கடந்து போகிறோம். 1916இலேயே தன் சகோதரரோடு சேர்ந்து லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தொடங்கியவர் அவர். கறுப்பினத்தவரை மரியாதையோடு காட்ட வேண்டும் என்று கறுப்பினத்தவரே நடத்திய படக் கம்பெனி அது. 1932இல் 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' படத்தில் அவரையே வெளிறிய ஒப்பனையோடு ரஷ்யக் கொசாக் வீரராக நடிக்க வைத்தார்கள். அதே வருடம் 'தி மம்மி'யில் நூபிய (எகிப்துக்குத் தெற்கே உள்ள பகுதி) வேலைக்காரர். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே போதும், படிப்பவருக்கு விஷயம் விளங்கிவிடும்.

'கேட் பீப்பிள்' படத்தில் உணவகப் பணிப்பெண்ணாக ஒரு நிமிடம் வரும் கறுப்பின நடிகை தெரேசா ஹாரிஸின் பெயர் திரையில் இல்லை. அடுத்த வருடம் 'ஐ வாக்ட் வித் எ ஸோம்பி'யில் அவருக்குக் கொஞ்சம் பெரிய வேடம், அதுவும் பணிப்பெண்தான். ஆனால் அந்தப் பெண் தனக்கென்று ஒரு மனம் உள்ளவள் என்று அவர் நடிப்பு சொல்லும். 'கிரியேச்சர்' படத்தில் நீரடி உயிரினத்தின் உடைக்குள் இருந்தவர்கள் இரண்டு பேர். தரையில் பென் சாப்மன், தண்ணீருக்குள் ரிக்கோ பிரவுனிங். இருவர் பெயரும் வரவில்லை. அந்த உருவத்தை வடிவமைத்த மிலிசென்ட் பேட்ரிக் என்ற பெண்ணின் பெயரும் வரவில்லை. ஒப்பனைப் பிரிவின் தலைவர் பட் வெஸ்ட்மோரின் பெயர்தான் வந்தது. பேட்ரிக்கை ஊர் ஊராக விளம்பரச் சுற்றுப்பயணம் அனுப்பினார்கள். திரும்பி வந்த பிறகு வெஸ்ட்மோர் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

நம் வாசகர்களுக்காக ஒன்று. ஃபிராங்கன்ஸ்டைனின் படைப்பாக நடித்த போரிஸ் கார்லாஃப், லண்டனில் 1887இல் வில்லியம் ஹென்றி பிராட் என்ற பெயரில் பிறந்தவர். அவர் குடும்பத்துக்கு ஆங்கிலோ இந்திய வேர் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்தின் ரத்தம் கொஞ்சம் ஓடிய ஒருவர் ஹாலிவுட்டில் ரஷ்யப் பெயர் வைத்துக்கொண்டு எகிப்தியராகவும் சீனராகவும் நடித்தார். மேலே சொன்ன படத்தில் ஃபூ மான்சூ என்ற சீன வில்லன் அவர்தான். இந்த வரியைப் படித்துவிட்டு ஒரு தமிழ்ப் பெரியவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பொறி இதிலும் உண்டு. இணையத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கும் தகவலைத் தாளில் சேர்க்காதீர்கள். மறக்கப்பட்டவரைப் பற்றித் தப்பாக எழுதினால் அவருக்கு இன்னொரு முறை அநியாயம் செய்கிறோம்.

7. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

படத்தில் இழிவான காட்சி இருந்தால் நோட்டீஸிலும் சொல்லுங்கள், படம் தொடங்கும் முன்பும் சொல்லுங்கள். இரண்டே வாக்கியம் போதும். என்ன வரும் என்று சொல்லிவிட்டு, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் முதல் மாலையில் நோட்டீஸில் மட்டும் போட்டிருந்தோம். அதைப் படிக்காமல் வந்த ஒரு குடும்பம் நடுவிலேயே எழுந்து போனது. வாசல் வரை போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டாம் மாலையிலிருந்து மேடையிலும் சொன்னோம்.

அதற்காக அரை மணி நேரம் உரையாற்றாதீர்கள். முன்னுரை ஐந்து நிமிடம், படத்துக்குப் பிறகு பேச்சு நாற்பது நிமிடம். முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள்: 'இன்று யார் முகம் உங்கள் மனத்தில் நின்றது?' பெரும்பாலும் கதாநாயகனைச் சொல்ல மாட்டார்கள்.

8. எப்போது எதைச் செய்வது

அக்டோபரில் நடத்த நினைத்தால் ஜூன் கடைசிக்குள் அரங்கைக் கேளுங்கள். ஜூலையில் பதிப்புரிமைத் தேடல், ஆண்டு உரிமம் பற்றிய விசாரிப்பு. உரிமம் வாங்குவதென்றால் ஆகஸ்டில் விண்ணப்பம்; பதில் வர எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. செப்டம்பரில் சப்டைட்டில், பெயர்த்தாள், நோட்டீஸ். திரையிடலுக்கு ஒரு வாரம் முன் அதே அரங்கில், அதே புரொஜெக்டரில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இருண்ட காட்சிகள் பழைய புரொஜெக்டரில் வெறும் கறுப்பாகிவிடும். கறுப்பின நடிகர்களின் முகம்தான் முதலில் மறையும். வெளிச்சத்தைக் கூட்டி, அறையின் பக்கவாட்டு விளக்குகளை அணைத்து, அவர்கள் கண்கள் தெளிவாகத் தெரியும்வரை சரிசெய்யுங்கள்.

எங்கள் மூன்று மாலைக்கும் சேர்த்து ஆன செலவு 70 டாலருக்குள். அச்சு, தேநீர், ஒரு நீளமான எச்.டி.எம்.ஐ. கேபிள், அவ்வளவுதான். அரங்கை நூலகம் இலவசமாகத் தந்தது. சில இடங்களில் காப்பீட்டுச் சான்று கேட்பார்கள், அதை விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே விசாரித்துவிடுங்கள்.

முடிந்த பிறகு பதிப்புரிமைக் குறிப்பு, உரிம ரசீது, வந்தவர்களின் எண்ணிக்கை மூன்றையும் ஒரே உறையில் போட்டு நூலகரிடம் ஒரு படி கொடுத்துவிடுங்கள். மிச்சமான பெயர்த்தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம். எங்கள் நூலகத்தில் டிவிடி அலமாரி பக்கத்தில் வைக்கச் சொன்னோம். இரண்டு வாரம் கழித்து இன்னும் ஐம்பது படி அச்சடித்துத் தர முடியுமா என்று நூலகர் கேட்டார்.